இல்லாத பெயர்

இன்றைய லுகாண்டா வழக்கில் பறவைக்கு எக்கிஞோஞி என்று பெயர். அதே வேர்ச்சொல்லின் முன்னொட்டை மாற்றி எஞ்ஞோஞி என்றால் விமானம். எஞ்ஞோஞியில் வந்து இறங்குகிறார்கள், எக்கிஞோஞியைப் பார்க்கிறார்கள், எஞ்ஞோஞியில் ஏறிப் போய்விடுகிறார்கள். மபாம்பா சதுப்பில் பதினைந்து ஆண்டுகளாகப் பறவை காட்டிப் பிழைக்கும் அந்த வழிகாட்டி, வெளிநாட்டினரைப் பற்றித் தன் வீட்டாரிடம் இப்படித்தான் சொல்வார். வந்தவர்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் நகைச்சுவை செத்துவிடும் என்பது அவர் கருத்து.

அன்று அவரோடு மரப்படகில் ஏறியவர்கள் மூவர். இருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த நண்பர்கள். கையில் நீண்ட பட்டியல், கழுத்தில் விலையுயர்ந்த பைனாகுலர். மூன்றாமவர் மைசூரிலிருந்து கம்பாலாவில் வேலை பார்க்கும் மகனிடம் வந்திருந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி. வாழ்நாளின் பெரும்பகுதியை அகராதிப் பணியில் கழித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பட்டியல் இல்லை, கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் ஆங்கிலப் பெயர், வலப்பக்கம் லுகாண்டாப் பெயர் என்று தலைப்பிட்டு வைத்திருந்தார்.

பரப்பில் இந்தியாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உகாண்டாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. காடும் சவன்னாப் புல்வெளியும் பேரேரிகளும் ஒரே நாட்டில் வந்து முட்டிக்கொள்வதே காரணம். மபாம்பா, விக்டோரியா ஏரியின் வட கரையில், எண்டெபேக்கு மேற்கே விரிகுடாபோல் உள்வாங்கிய சதுப்பு. ஏறத்தாழ 2,400 ஹெக்டேர். 2006-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பாப்பிரஸ் கோரைகளுக்கு இடையே படகு ஒன்று நுழையும் அளவுக்கு நீர்ச்சந்துகள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு பறவைக்காகத்தான் வருகிறார்கள்.

அந்தப் பறவைக்குப் பெயர்கள் நிறைய. அறிவியல் பெயர் பலீனிசெப்ஸ் ரெக்ஸ்: திமிங்கிலத் தலையுடைய அரசன். அரபு மொழியில் அபு மர்கூப், காலணியின் தந்தை. ஆங்கிலத்தில் ஷூபில். அலகு மரத்தில் குடைந்த செருப்பைப் போலிருப்பதால் வந்த பெயர். நாரை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணு ஆய்வுகள் அதைக் கூழைக்கடாக்களின் நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன. உலகில் எஞ்சியிருப்பவை ஐயாயிரம் முதல் எட்டாயிரம் வரை என்பது மதிப்பீடு. மபாம்பா மீனவர்கள் அதைப் புல்வே என்பார்கள். புல்வே கண்ணில் பட்டால் அன்றைக்கு வலையில் மீன் விழாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கண்ட இடத்தில் கொன்றார்கள்.

இந்தக் கதையை வழிகாட்டி எல்லாப் பயணிகளுக்கும் சொல்வார். "அந்தக் காலத்து மீனவர்கள்" என்று தொடங்குவார். அந்தக் காலத்து மீனவர்களில் ஒருவர் தன் தந்தை என்பதையும், தனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர் ஒரு புல்வேயைத் துடுப்பால் அடித்ததைப் படகின் பின்முனையில் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்வதில்லை. கதை நன்றாக முடியவேண்டும் என்று பயணிகள் எதிர்பார்க்கிறார்கள். நன்றாகவும் முடிகிறது: கொன்றவர்களின் பிள்ளைகளே இன்று அதைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள், ஆகவே காக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் 2020 மார்ச்சில் எண்டெபே விமான நிலையம் மூடப்பட்டு அக்டோபர் 1 அன்றுதான் திறந்தது என்பதும், அந்த ஆறு மாதங்களுக்கு மேல் பறவை காட்ட ஆளின்றி அவர் தந்தையின் பழைய வலையைத் தைத்து எடுத்துக்கொண்டு போனார் என்பதும் அதே கதையின் பகுதிதான். அந்த ஆண்டு ஏரி நீரும் உயர்ந்தது. பெயர்ந்து மிதந்து போன கோரைத்தீவு ஒன்று ஏப்ரலில் ஜிஞ்ஜா அருகே உள்ள நலுபாலே நீர்மின் நிலையத்தில் சிக்கி நாடே இருளில் மூழ்கியது. நலுபாலே என்பது விக்டோரியா ஏரிக்குப் பகாண்டா மக்கள் வழங்கும் பெயர். தெய்வத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏரிக்கு உலகம் அந்தப் பெயரைத் தரவில்லை, அணைக்குக் கிடைத்தது.

முதல் ஒரு மணி நேரம் பெண்மணியின் வலப்பக்கம் எளிதாக நிரம்பியது. கரையில் குப்பை கிளறிக்கொண்டிருந்த மராபூ நாரை, கலூலி. வாலாட்டி, ந்நாமுஞே. காகம், ந்நாமுங்கோனா. வானில் வட்டமிட்ட பருந்து, கமுஞே. கம்பாலாவில் பயணிகளைக் கண்டதும் பாய்ந்து வந்து நிற்கும் சிற்றுந்துகளுக்கும் அதே பெயர் என்று வழிகாட்டி சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்து அடிக்கோடிட்டுக்கொண்டார். ஆந்தை, எக்கிவூகுலு, சொல்லே அலறுகிறது. மகுடக் கொக்கு, ஙாலி. தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்க இடமில்லாமல் எழுத்து வரிசையில் மட்டும் காத்திருக்கும் ஙகரத்துக்கு லுகாண்டாவில் முழு நேர வேலை உண்டு.

அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். விளிகள் மட்டும் மாறிவிட்டன. நெதர்லாந்துக்காரர்களை "சார்" என்றவர், பெண்மணியை "ஞாபோ" என்றார். அவரும் "ஸேபோ" என்று திருப்பி அழைத்தார். லுகாண்டாவில் பெண்ணையும் ஆணையும் மரியாதையோடு அழைக்கும் சொற்கள் அவை.

பிறகு சதுப்பின் உட்பகுதி. அங்கே நெதர்லாந்துக்காரர்களின் பட்டியல் வேகம் பிடித்தது. அல்லி இலைகள்மேல் நடக்கும் இலைக்கோழி, நீண்ட விரல் ஆள்காட்டி, விரல் நீளமேயுள்ள நீலச் சிறு மீன்கொத்தி, சதுப்பு ஈப்பிடிப்பான். வழிகாட்டி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் தயங்காமல் சொன்னார். ஸ்டீவன்சனும் ஃபான்ஷாவும் எழுதி 2002-இல் வெளிவந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பறவைகள் நூலை இரவில் விளக்கு வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தவர் அவர். அதில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பறவைகளுக்கு ஆங்கிலப் பெயரும் இலத்தீன் பெயரும் உண்டு. ஆனால் பெண்மணி ஒவ்வொரு முறையும் பேனாவை வலப்பக்கத்துக்குக் கொண்டு போய், தலை நிமிர்ந்து பார்த்தார். வழிகாட்டிக்கு வியர்த்தது.

மீன்கொத்திக்குப் பெயர் நினைவில்லை என்றார். ஆள்காட்டிக்கும் நினைவில்லை என்றார். ஈப்பிடிப்பான் கோரைத் தண்டில் வந்து உட்கார்ந்தது. பழுப்பு, சிறிது, ஓயாமல் இறங்கி ஏறியது. சிறுவயதில் நாள்தோறும் பார்த்த பறவை. "இதற்கு?" என்று அவர் மூன்றாம் முறை கேட்டபோது, கோரையைக் குறிக்கும் சொல்லையும் குழந்தையைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி ஒரு பெயரைச் சொல்லிவிட்டார். இலக்கணப் பிழையில்லாத, காதுக்கு இனிய சொல். அதை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் இன்னோர் இடத்திலும் வாழத் தொடங்கிவிடும். பெண்மணி இருமுறை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, தொனிக்குறியோடு எழுதிக்கொண்டார். அழகான சொல் என்றார்.

களப்பணி செய்தவர்களுக்கு இந்தக் கணம் பழக்கமானது. கேள்வி கேட்பவர் பட்டியலோடு வருகிறார். பட்டியல் எங்கோ வேறு மொழியில் தயாரானது. எதிரில் இருப்பவர் தன் மொழியை ஏழையாகக் காட்ட விரும்புவதில்லை. பழங்குடி மொழிகளில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், நாம்தான் கேட்டறியவில்லை என்ற நல்லெண்ணம், எதற்கும் பெயர் இல்லை என்ற பழைய ஏளனத்தைவிட மேல்தான். ஆனாலும் அதுவும் ஒரு சுமையை இறக்கி வைக்கிறது. எந்த ஊர்ப் பேச்சும் எல்லாக் குருவிகளுக்கும் தனிப்பெயர் வைப்பதில்லை. தின்பது, தின்னக்கூடாதது, பயிரை அழிப்பது, சாவைச் சொல்வது, விடியலில் எழுப்புவது ஆகியவற்றுக்கு வைக்கிறது. ஆள்காட்டி என்று தமிழில் சொல்வதே பறவையின் உருவத்தைச் சொல்லவில்லை. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் வந்த பெயர். ஆங்கிலத்தில்கூட அந்த ஈப்பிடிப்பானின் பெயர் எந்த ஊர்க் கிழவியும் சொன்னதன்று; நூலாசிரியர்கள் மேசையில் உட்கார்ந்து ஆக்கியது. மேசையில் ஆக்கினால் கலைச்சொல், படகில் ஆக்கினால் பொய் என்று ஆகிவிடுவது கொஞ்சம் அநியாயம்தான்.

புல்வே அன்று பத்தரை மணிக்குத் தென்பட்டது. முப்பது அடி தூரத்தில், நீர்ச்சந்தின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், ஏறக்குறைய நான்கடி உயரத்தில், அசையாமல். இருபது நிமிடங்கள் அசையவில்லை. புகைப்படக் கருவிகள் களைத்து ஓய்ந்தபிறகு, முன்னறிவிப்பின்றி அது முழு உடம்போடு தண்ணீரில் விழுந்தது. பாய்ந்தது என்று சொல்வதற்கில்லை. கட்டு அறுந்த மூட்டைபோல விழுந்தது. எழுந்தபோது அலகு நிறையக் களையும் சேறும், நடுவில் நெளியும் நுரையீரல் மீனும். தலையை அங்குமிங்கும் ஆட்டிக் களையை உதிர்த்தது. மீன் மட்டும் எஞ்சியது. நெதர்லாந்துக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

நுரையீரல் மீன் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாதது. காற்றுக்காக அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். புல்வே காத்திருப்பது அந்த ஒரு மூச்சுக்காக. லுகாண்டாவில் அந்த மீன் ம்மாம்பா. பகாண்டா மக்களிடையே ஐம்பதுக்கு மேற்பட்ட குலங்கள் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ பறவையோ செடியோ குலக்குறி. முஸிரோ என்பார்கள், விலக்குதல் என்ற வினையடியிலிருந்து வந்த சொல். தன் முஸிரோவைக் கொல்லவும் தின்னவும் கூடாது. மிகப் பெரிய குலங்களுள் ஒன்று ம்மாம்பா. ஙாலிக்கும் ஒரு குலம் உண்டு, உண்ணிக்கொக்குக்கும் உண்டு.

"ஸேபோ, உங்கள் குலம் எது?" என்று பெண்மணி கேட்டார். ஆரவாரத்துக்கு நடுவே அவர் மட்டும் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்திருந்தார்.

"ம்மாம்பா" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "என் தந்தை புல்வேயை அடித்தது வலையில் மீன் விழாது என்பதால் மட்டுமில்லை என்று நினைக்கிறேன்" என்றார். பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாக "அந்தக் காலத்து மீனவர்கள்" என்ற முகமூடி இல்லாமல் சொன்னார். தந்தை அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை, இது தன் ஊகம்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பெண்மணி இதை எழுதிக்கொள்ளவில்லை.

பிற்பகலில் வண்டி மசாக்கா நெடுஞ்சாலையில் தென்மேற்காகப் போனது. கயாப்வே என்னும் ஊரில் நிலநடுக்கோடு சாலையைக் கடக்கிறது. பயணிகள் படமெடுக்க வெள்ளை வளையங்கள் நாட்டியிருக்கிறார்கள். அங்கே புனலும் வாளியும் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வடக்கே நீர் ஒரு பக்கமாகவும் தெற்கே எதிர்ப்பக்கமாகவும் சுழன்று வடிவதைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். நிலச்சுழற்சியின் விளைவு புயல்களைத் திருப்பும். சில அடி தூரத்தில் ஒரு வாளியைத் திருப்பாது. நீரை ஊற்றுகிற கை திருப்பும். பெண்மணி காசு கொடுத்தார், கை தட்டினார், வண்டியில் ஏறியதும் நெதர்லாந்துக்காரர்களிடம் இதை விளக்கினார். "அந்தப் பையன் நன்றாகச் செய்தான். ஆனால் இதை நான் என் பேத்திக்கு எழுதினால் அவள் வகுப்பில் போய்ச் சொல்வாள்" என்றார்.

வழிகாட்டி முன்னிருக்கையில் இருந்தார். அடுத்த நூற்றைம்பது கிலோமீட்டர் அவர் ஒரு பறவையையும் காட்டவில்லை.

ம்பூரோ ஏரி தேசியப் பூங்கா உகாண்டாவின் சவன்னாப் பூங்காக்களில் சிறியது. கருவேல மரங்கள் சிதறிய புல்வெளி, வரிக்குதிரைகள், நடுநடுவே பாப்பிரஸ் சூழ்ந்த ஏரிகள். இம்பாலா மான்கள் இயல்பாக வாழும் இடம் உகாண்டாவில் இதுதான். கம்பாலா என்ற ஊர்ப்பெயரே இம்பாலாக்களின் குன்று என்ற தொடரிலிருந்து வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. தலைநகரில் இப்போது கலூலிகள்தான் மேய்கின்றன. 1983-இல் பூங்கா அமைக்கப்பட்டபோது தலைமுறைகளாக இங்கே மாடு மேய்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எல்லைக்கு வெளியே இன்றும் அங்கோலே மாடுகளை, வானத்தைக் கவ்வும் கொம்புகளோடு, முதுகில் உண்ணிக்கொக்கோடு பார்க்கலாம். உள்ளே பறவைகளுக்குப் பஞ்சமில்லை. நீலமும் ஊதாவுமாக மின்னும் நீண்டவால் மைனா ஒன்றுக்கு ரூப்பெல் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் பெயர். அமெரிக்கப் பறவையியல் சங்கம் தன் எல்லைக்குள் இருக்கும் இத்தகைய ஆள்பெயர்களை மாற்றப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. ஆப்பிரிக்கா அந்த எல்லைக்குள் வராது.

மாலையில், தங்குமிடத்தின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மகுடக் கொக்குகள் இரண்டு வந்து பட்ட மரத்தில் இறங்கின. கொக்குக் குடும்பத்தில் மரத்தில் அடையும் பழக்கம் மகுடக் கொக்குகளுக்கு மட்டுமே உண்டு. உகாண்டாவின் கொடியில் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பது இதுதான். சதுப்புகள் வயலாக மாறிக்கொண்டே வந்ததில் எண்ணிக்கை சரிந்து, 2012 முதல் அருகிவரும் இனமாகப் பட்டியலில் இருக்கிறது. தேநீர் கொண்டுவந்த அங்கோலே இளைஞன் அதை எண்டூஹா என்றான். காலையில் எழுதிய ஙாலிக்குப் பக்கத்தில் பெண்மணி அதையும் எழுதினார். அப்போது வழிகாட்டி எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஞாபோ, கோரையில் உட்கார்ந்த அந்தச் சிறு பறவையின் பெயரை நீங்கள் அடித்துவிட வேண்டும். அது நான் செய்த பெயர்."

அவர் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தை எடுத்தார். கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் தெரியாது. நான் நம்பிவிட்டேன்" என்றார். ஒற்றைக் கோடு கிழித்தார், சொல் அடியில் தெரியும்படி. அகராதிக்காரர்கள் அழிப்பதில்லை.

"அப்படியென்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்?"

"அக்கஞோஞி" என்றார். லுகாண்டாவில் பெயர்ச்சொல்லின் முன்னொட்டே அதன் வகுப்பைச் சொல்லும். தமிழில் உயர்திணை அஃறிணை என்று இரண்டு. அங்கே வகுப்புகள் பல. எக்கிஞோஞி பறவை. அக்கஞோஞி சிறு பறவை. ஒகுஞோஞி என்றால் பெரிய, சற்றே வெறுப்புக்குரிய பறவை. உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் புஞோஞி என்றொரு ஏரி உண்டு. சிறு பறவைகள் நிறைந்த இடம் என்று பொருள். அதற்கும் இதற்கும் வேர் ஒன்றே. "அக்கஞோஞி என்றால் எங்களுக்குப் போதும். எது என்று கை காட்டிவிடுவோம்."

பெண்மணி முன்பக்கங்களுக்குப் போய், வெறுமையாக விட்டிருந்த இடங்களில் எதையும் நிரப்பாமல், புதுப் பக்கமொன்றில் நான்கு முன்னொட்டுகளையும் எழுதி அவரைச் சரிபார்க்கச் சொன்னார். அரை மணி நேரம் அதிலேயே போனது. நாயை, மனிதனை, படகைச் சிறிதாக்கினார்கள், பெரிதாக்கினார்கள். நெதர்லாந்துக்காரர்களில் ஒருவர் தன் மொழியிலும் சிறுமை விகுதி எல்லாச் சொல்லிலும் ஒட்டும் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார்.

இருட்டியபிறகு வழிகாட்டி தன் தாயைத் தொலைபேசியில் அழைத்தார். கோரையில் உட்காருமே, பழுப்பாக, ஓயாமல் இறங்கி ஏறுமே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். தாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் முறை விளக்கியபின் சிரித்தாள்.

"அக்கஞோஞிதான். வேறென்ன?"

"தனிப்பெயர் இல்லையா, அம்மா?"

தொலைபேசியில் சற்று நேரம் வானொலிச் சத்தம் மட்டும் கேட்டது. "உன் அப்பா ஏதோ சொல்லிக் கூப்பிடுவார். வலை வீசும்போது அது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நல்லது என்பார். என்ன சொல்வார் என்று எனக்கு நினைவில்லை. நான் படகில் போனவள் இல்லையே."

அதையும் அவர் பெண்மணியிடம் போய்ச் சொன்னார். அடித்த சொல்லுக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஒரு பெயர் இருந்திருக்கலாம், அறிந்தவர் மீனவர், இப்போது இல்லை என்று பெண்மணி எழுதினார். தேதியிட்டார். வழிகாட்டியின் பெயரை எழுதலாமா என்று கேட்டார். அவர் தன் குலப்பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.